ஆயிரத்துக்கு இருபத்தாறு

ஏப்ரல் 3

காளியண்ணனை இன்று வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். பதினோரு வருடமாக என் முட்டை வண்டி ஓட்டியவன்.

மார்ச் கணக்கு முடிந்ததும் வருடா வருடம் செய்கிறதுதான். ஐந்து டிரைவர் பேரையும் குடோன் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் அவரவர் உடைசலைப் போடுவோம். ஆயிரம் முட்டைக்கு எத்தனை உடைந்தது என்று. கடைசியில் நிற்கிறவனுக்கு ஒரு வருடம் எச்சரிக்கை. மறு வருடமும் அவனே நின்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் நிற்கிறவனுக்குத் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கூட. சொந்தக்காரன், தெரிந்தவன், பாவப்பட்டவன் என்று யாருக்கும் இதில் சலுகை கிடையாது. சைக்கிள் கேரியரில் நாலு அட்டை முட்டை வைத்து டீக்கடை டீக்கடையாகப் போட்டு ஆரம்பித்தவள் நான். நாமக்கல்லில் இன்று ஐந்து வண்டி ஓடுகிறதென்றால் இந்தக் கண்டிப்புதான் காரணம்.

சதாசிவம் எட்டு. மற்ற மூன்று பேர் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. காளியண்ணன் இருபத்தாறு. போன வருடம் இருபத்தைந்து.

கூப்பிட்டுச் சொன்னேன். "சரிங்க்கா" என்றான். சாவியை மேசையில் வைத்தான். வாசல் வரை போனவன் திரும்பி, "அப்ப மலை வண்டிக்கு ஆருங்க்கா போவாங்க?" என்று கேட்டான்.

போகிற போக்கிலும் திமிர். "அந்தக் கவலை உனக்கு எதுக்கு?" என்றேன்.

ஊட்டி மலை ஏறி இறங்குகிற கூடலூர் லோடு வாரத்துக்கு மூன்று தடவை போகிறது. அதற்கு எப்போதும் காளியண்ணன்தான். அவனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் வேறு ஆளை அனுப்பினால் போய்ச் சேர்வது பாதியும் ஆம்லெட்தான். இனி சதாசிவம் போகட்டும். எட்டு உடைக்கிறவன் எந்த ரோட்டில் போனாலும் எட்டுதான் உடைப்பான்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை என்கிறான்.

ஏப்ரல் 6

பரமத்தியிலிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். காளியண்ணன் அவரிடம் வேலை கேட்டுப் போயிருக்கிறான்.

"ஆள் எப்படிங்கம்மா?"

"குடிக்க மாட்டான், திருட மாட்டான். ஆனா உடைப்பானுங்க. இருபத்தாறு."

"அய்யய்யோ" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். நாளைக்கு நான் ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் அவரும் அப்படித்தானே சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 9

சதாசிவம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு மலை பழக்கமில்லீங்க. நான் பெங்களூர் ரோட்டத் தவிர ஒண்ணும் பாத்ததில்லீங்க."

"ஸ்டீயரிங் அதேதானே? பிரேக் அதேதானே?"

"அதுக்கில்லீங்க்கா. ஊட்டி தாண்டி இறக்கம் இருக்குதுங்களே…"

"அஞ்சு பேர்ல கெட்டிக்காரன்னு போர்டுல உன் பேரு இருக்குது. தீபாவளிக்குக் காசு வாங்குறப்ப மட்டும் கெட்டிக்காரன், லோடு கட்டுறப்ப சின்னப் பையனா?"

லோடுமேன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினான்.

ஏப்ரல் 12

சதாசிவத்தின் முதல் மலை லோடு. ஆயிரத்துக்கு நாற்பத்தேழு. புது ரோடு, பழகட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 17

வெயில் தாங்கவில்லை. பிளம்பர் ஒருவழியாக வந்தான். வாஷர் மாற்றினான், இருநூறு ரூபாய் கேட்டான், நூற்றைம்பது கொடுத்தேன்.

ஏப்ரல் 21

சதாசிவம் ஓட்டிய வண்டி கூடலூர் இறக்கத்தில் கவிழ்ந்துவிட்டது. உயிர் இருக்கிறது. கோயமுத்தூருக்குக் கொண்டுவருகிறார்கள்.

இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்து வந்திருக்கிறான் என்று சொல்கிறார்கள். சின்ன கியரில் போட்டு இன்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடித்து இறக்க வேண்டுமாம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது. அறுபதாயிரம் முட்டை. இன்சூரன்ஸுக்குச் சொல்லியாயிற்று. கூடலூர்க் கடைக்காரர்களுக்கு வேறு வண்டியில் பாதி லோடாவது அனுப்ப வேண்டும். அந்த மூன்று பேரையும் கேட்டேன். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 22

ஆஸ்பத்திரி. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கவுண்டரில் சொன்னேன். சதாசிவத்தின் மனைவி புவனா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

இரவு கிருத்திகா வீட்டில் தங்கல். என் மகள் இங்கே வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். டாக்டர் இல்லை. எந்த மருந்து எத்தனை பேருக்குக் கேட்டது, எது கேட்கவில்லை என்று புள்ளிவிவரம் பார்க்கிற படிப்பு படித்தவள். அந்தப் படிப்புக்கு நான் காசு கட்டியபோது எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாது. நல்ல சம்பளம் வருகிறது, அதோடு விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 24

சாப்பிடும்போது கிருத்திகா கேட்டாள்.

"காளியண்ணன் மாமாவ ஏம்மா நிறுத்துன?"

"உடைசல். இருபத்தாறு."

"எந்த ரோட்டுல?"

"எந்த ரோட்டுலன்னா? மொத்தமாத்தான்."

"மொத்தமாவா!" அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருசத்து ட்ரிப் ஷீட்டெல்லாம் இருக்குதா?"

"இல்லாம? ஒரு முட்டை உடைஞ்சாலும் எழுதி வைக்கிறவ நானு."

"குடோன்ல சொல்லி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

அனுப்பச் சொன்னேன். இவளுக்கும் பொழுது போக வேண்டாமா? எழுதி வைத்திருக்கிறது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏப்ரல் 26

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாயந்திரம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அவள் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மலை லோடுகளைத் தனியாக வைத்தாள். சமவெளி லோடுகளைத் தனியாக வைத்தாள். அவ்வளவுதான்.

"மலையில மத்த மூணு பேரும் போனப்ப ஆயிரத்துக்கு அம்பத்திரண்டு. காளியண்ணன் மாமா போனப்ப இருபத்தெட்டு."

"சரி."

"சமவெளியில அந்த மூணு பேருக்கும் ஒன்பது, சதாசிவம் அண்ணனுக்கு எட்டு. காளியண்ணன் மாமாவுக்கு ஆறு."

நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னாள்.

"அதெப்படிடி? மலையிலயும் அவன் கம்மி, கீழயும் அவன் கம்மி. ரெண்டையும் சேத்தா அவன்தான் எச்சாங்கற. கூட்டுறதுல எங்கயோ தப்பு பண்ணிட்ட."

"நீயே கூட்டிப் பாரு."

கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினாள். மூன்று தடவை போட்டேன். பத்துக்கு ஒன்பது லோடு மலைக்குப் போகிறவனுக்கு இருபத்தாறுதான் வருகிறது. பத்துக்கு ஒரு லோடு மலைக்குப் போகிறவனுக்குப் பதின்மூன்றுதான் வருகிறது. கூட்டலில் தப்பு இல்லை.

"நல்லா ஓட்டுறவருன்னுதானே கஷ்டமான ரோட்டுக்கு அவர அனுப்புன? அப்பறம் அந்த ரோட்டு உடைசல அவரு தலையில எழுதிட்ட."

"அந்த மூணு பேரும் மலைக்குப் போனது கொஞ்ச தடவைதானே? ஒருத்தன் ஒரே ட்ரிப்புல கொட்டியிருந்தாலும் கணக்கு ஏறிருக்குமே?" வியாபாரிக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா.

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "சரியான கேள்விம்மா. அதையும் பாத்தேன். ஒவ்வொருத்தருக்கும் ரொம்ப மோசமான ட்ரிப்ப எடுத்துட்டுப் பாத்தேன். வெயில் மாசத்தத் தனியா பாத்தேன். எப்படிப் பாத்தாலும் அவருதான் கம்மி. எவ்வளவு கம்மிங்கறது கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்."

குடிக்கத் தண்ணீர் எடுக்க எழுந்தேன். சமையலறையில் நின்றபடியே கேட்டேன்.

"சதாசிவத்துக்கு மலையில எத்தனைன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"இல்லம்மா. ரெண்டு வருசத்துல ஒருதடவ கூட அவரு மலைக்குப் போகல. அவர மலைக்கு அனுப்புனா என்ன ஆகும்னு இந்தத் தாள்ல எங்கயும் இல்ல. இல்லாத எடத்துல எட்டுன்னு நீதான் வச்சுக்கிட்ட."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 27

நாமக்கல் திரும்பிவிட்டேன். மாவு அரைத்தேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

மே 2

கிருத்திகா சொல்லிக்கொடுத்த மாதிரியே பண்ணை பண்ணையாகப் பிரித்துப் பார்த்தேன். ரோட்டைப் பிரிக்க முடிந்தால் முட்டை வருகிற இடத்தையும் பிரிக்கலாமே.

அய்யாசாமி அண்ணன் பண்ணை முட்டை எந்த ரோட்டில் போனாலும், எவன் ஓட்டினாலும், மற்ற பண்ணை முட்டையைவிட அதிகம் உடைகிறது. நேராகப் போய்க் கேட்டேன்.

"உன்ர டிரைவருக மேட்டுல பள்ளத்துல எறக்குனா நானென்ன பண்றது தாயி?"

"அஞ்சு டிரைவரும் உங்க முட்டைய மட்டும் தேடிப் புடிச்சு உடைப்பாங்களாண்ணா?"

தாளை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடைசியில் கோழிகளுக்கு வயசாகிவிட்டது, ஓடு மெலிசாகத்தான் வருகிறது, அடுத்த மாதம் பழைய கோழிகளைக் கழிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். அதுவரை விலையில் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். இத்தனை வருடம் குத்துமதிப்பாகச் சண்டை போட்டுத் தோற்ற விஷயம். ஒரு தாளில் முடிந்துவிட்டது.

சந்தோஷத்தில் கிருத்திகாவுக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நல்லதும்மா. காளியண்ணன் மாமாவப் பாத்தியா?" என்றாள்.

கரண்ட் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மே 5

மலை லோடுக்கு வெளி டிரைவர் வைத்து ஓட்டுகிறேன். ஆயிரத்துக்கு ஐம்பத்தைந்து. கூடலூர்க் கடைக்காரர், "அந்தப் பழைய அண்ணன் வரமாட்டாராங்க?" என்று கேட்கிறார்.

மே 9

காளியண்ணன் கோழி எரு டிராக்டர் ஓட்டுகிறானாம். லோடுமேன் ஒருவன் சொன்னான். பரமத்தியிலும் எடுக்கவில்லை, அதற்கப்புறம் மோகனூரில் கேட்டிருக்கிறான், அங்கேயும் எடுக்கவில்லை.

"எல்லா எடத்துலயும் இருபத்தாறான்னு கேக்கறாங்களாமுங்க்கா" என்றான். "டீக்கடையில அவரு பேரே இப்ப அதுதானுங்க. 'இருபத்தாறு வந்துட்டாரு, கிளாஸப் பாத்து வைங்கடா'ன்னு கிண்டல்."

நான் பரமத்திக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். ஊர் முழுக்க யார் சொன்னது?

மாலை பரமத்திக்காரருக்குப் போன் போட்டேன். பேச்சு வெயிலில் ஆரம்பித்துத் தீவன விலைக்குப் போய்விட்டது.

மே 14

ஆஸ்பத்திரி. சதாசிவம் தூங்கிக்கொண்டிருந்தான். புவனா என்னை வராண்டாவுக்குக் கூட்டிப் போனாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா? இவரு மலைக்குப் போகமாட்டேன்னு சொன்னாராமே, நெசமுங்களா?"

"டீ குடிச்சியா கண்ணு?"

"சொன்னாருங்களா?"

"பழக்கமில்லைன்னு சொன்னான்."

அவள் தலையை ஆட்டினாள். "எங்கிட்ட அப்படிச் சொல்லலீங்க. அக்கா என்னத்தான் நம்பி அனுப்பறாங்க, காளியண்ணன் எடத்துல என்ன வச்சுட்டாங்கன்னு சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிப் போட்டுட்டுப் போனாருங்க."

நர்ஸ் மருந்துச் சீட்டு கொண்டுவந்தாள். நானே போய் வாங்கி வந்தேன். கீழே கடையில் கூட்டமே இல்லை. இருந்தும் மேலே வர எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

மே 15

பரமத்திக்காரருக்கு மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை வெயிலைப் பற்றிப் பேசவில்லை. நான் சொன்ன இருபத்தாறு தப்பு என்றேன்.

"கணக்கு தப்பாயிடுச்சுங்களா?"

"கணக்கு சரிதானுங்க. பாத்த நான்தான் தப்பு." ரோடு ரோடாகச் சொன்னேன்.

"அப்ப அந்த ஆள நான் எடுத்துக்கட்டுமுங்களா?"

வியாபாரி வியாபாரிதான். "எனக்கு முன்னாடி போய்க் கேட்டா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியைத் தேடினேன்.

மோகனூர் ரோட்டில் எரு இறக்கிக்கொண்டிருந்தான். கிட்டப் போனால் கண் எரிகிறது. என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான், பழைய பழக்கம். அப்புறம் எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும், திரும்பக் கட்டிக்கொண்டான்.

"சதாசிவத்துக்கு எப்படி இருக்குதுங்க்கா?" அதுதான் முதல் கேள்வி.

சொன்னேன். "போய்ப் பாத்தனுங்க" என்றான். "உங்க வண்டி வெளிய நின்னுச்சு. நீங்க போன பொறவுதான் உள்ள போனேன்."

மகள் பிரித்துக் கொடுத்த தாளை நீட்டினேன். கை முழுக்க எரு என்று வாங்கவில்லை. நானே படித்துக் காட்டினேன். மலையில் அவனுக்கு எத்தனை, மற்றவர்களுக்கு எத்தனை, கீழே எத்தனை. கேட்டுக்கொண்டே டிராக்டர் டயரில் சாய்ந்து நின்றான்.

"இதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க்கா."

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னனுங்களே. மலை வண்டிக்கு ஆரு போவாங்கன்னு கேட்டேன்."

டிராக்டர் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவன் அணைக்கவில்லை.

"வா, திரும்ப வந்துரு" என்றேன். "சம்பளம் மூவாயிரம் கூட."

"சம்பளம் இருக்கட்டுங்க. நாலு டிரைவரு முன்னாடி என்னைப் போர்டுல எழுதினீங்க. இனிமே எப்படி எழுதுவீங்க?"

"ரோடு ரோடாத்தான். மலைய மலையோட வச்சு, கீழ கீழயோட வச்சு."

"அதுவும் பத்தாதுங்க. பத்து தடவையாவது போகாதவனுக்கு நம்பரே போடக்கூடாது. ரெண்டு ட்ரிப்ப வச்சு ஒருத்தன நல்லவன் கெட்டவன்னு சொன்னா அதுவும் இதே கதைதானுங்க."

கிருத்திகா இரண்டு நாள் கம்ப்யூட்டரில் தேடியதை இவன் அனுபவத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், அவள் பிரித்துக் காட்டியிராவிட்டால் இவன் சொல்வதை நான் திமிர் என்றுதான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன்.

"சரி. வேற?"

"மலைக்குப் புது ஆளு போறதுன்னா, என்ர கூட அஞ்சு லோடு உக்காந்து வரணும். அதுக்கும் அவனுக்குப் பேட்டா உண்டு. அப்பறம் தனியாப் போலாம். அதுக்கு முந்தி அவன் முடியாதுன்னா, அனுப்பப்படாது."

"அஞ்சு லோடுக்கு ரெண்டு ஆள் பேட்டாவா? மூணு வச்சுக்கலாம்."

"அஞ்சுங்க."

"நாலு."

அவன் கூடலூர் பக்கத்துக்கு முகத்தைத் திருப்பினான். இங்கிருந்து மலை தெரியாது.

"அஞ்சு" என்றேன். "வேற?"

"சதாசிவம் சம்பளம்."

"அவன் எந்திரிச்சு நடக்கற வரைக்கும் முழுசாத் தர்றேன்."

"கட்டைக்கால் வச்சு ஆறு மாசத்துல நடந்துருவானுங்க. நடந்தா லாரி ஓட்டிருவானுங்களா?"

கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவன் இன்ஜினை அணைத்தான். சுற்றிலும் கோழிச் சத்தம் மட்டும்.

பேசி முடித்தது இது. காளியண்ணனுக்கு மாதம் இருபத்தெட்டாயிரம், மலை லோடு ஒன்றுக்குப் பேட்டா தொள்ளாயிரம். உடைசல் ரோடு வாரியாக மட்டும், பத்து லோடுக்குக் குறைந்தால் நம்பர் கிடையாது. புது ஆளுக்கு அவனோடு ஐந்து லோடு. சதாசிவத்துக்குக் குடோனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, டிரைவர் சம்பளத்திலேயே, அவனாக வேண்டாம் என்று சொல்லும் வரைக்கும்.